சைக்கிள் பழுது: வீட்டிலா, கடையிலா?



காலை எட்டரை மணி. பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போகிறீர்கள். பின் டயர் சப்பையாகத் தரையில் படிந்து கிடக்கிறது. "ஐயோ, பஞ்சர்!" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் டயரைப் பார்க்கவே இல்லை. ஆள்காட்டி விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைக்கிறார். ஒரு சின்னக் குமிழி எழும்பி உடைகிறது. வால்வைக் கழற்றி, பழைய ரப்பர்த் துண்டை உருவி எறிந்துவிட்டு, புதுத் துண்டு ஒன்றை மாட்டி, காற்றடித்துக் கொடுத்துவிடுகிறார். இரண்டே நிமிட வேலை! இதற்காகவா அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தோம் என்று நமக்கே வெட்கமாக இருக்கும்.

இதை நாமே வீட்டில் செய்திருக்க முடியாதா? தாராளமாக முடியும். அப்படியானால் எல்லாப் பழுதையுமே நாமே பார்த்துக்கொள்ளலாமா? ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். என் இடது முழங்காலில் இன்றும் இருக்கும் ஒரு தழும்பு அந்த நினைப்பைத் திருத்தியது. அந்தக் கதையைச் சற்றுப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த எச்சில் குமிழியைக் கவனிப்போம்.

தானே பூட்டிக்கொள்ளும் கதவு

நம் ஊர் சைக்கிள்கள் பலவற்றில் இருக்கும் வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சிறிய உலோகத் தண்டு இருக்கும். அதன் மேல்பகுதி குழாய் போன்றது, அடிப்பகுதி அடைபட்டிருக்கும். பக்கவாட்டில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளையை மூடியபடி தண்டின்மேல் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று இறுக்கமாக மாட்டப்பட்டிருக்கும். கடையில் இதை 'வால் டியூப்' என்பார்கள்.

பம்பை அழுத்தும்போது காற்று அந்தத் துளை வழியாக வந்து, ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அழுத்துவதை நிறுத்தியதும் உள்ளே போன காற்று வெளியே வரப் பார்க்கும். ஆனால் அது இப்போது ரப்பரின் வெளிப்புறத்தில் இருக்கிறது. எனவே அதன் அழுத்தமே ரப்பரைத் துளையின்மேல் வைத்து அமுக்குகிறது. தப்பிக்கப் பார்க்கும் கைதி தானே கதவைத் தாழிட்டுக்கொள்வதைப்போல! காற்று எவ்வளவு பலமாக வெளியே வர முயல்கிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவு மூடிக்கொள்ளும்.

வெயிலிலும் நாள்பட்டும் இந்த ரப்பர் விறைத்து வெடிப்பு விடுகிறது. அப்போதுதான் காற்று கசியும். ஒரு சாண் வால் டியூப் வாங்கி வீட்டில் வைத்திருந்தால் பல மாதங்களுக்குப் போதும். (சில புதிய வண்டிகளில் மோட்டார் சைக்கிளில் உள்ளதைப்போன்ற வால்வு இருக்கும். அதில் இந்த ரப்பர் கிடையாது. ஆனால் எச்சில் சோதனை அதற்கும் பொருந்தும்.)

காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சூடேறியிருக்கும். உள்ளே பிஸ்டன் உரசியதால் வந்த சூடு மட்டுமன்று அது. காற்றை அமுக்க நீங்கள் செலவிட்ட உழைப்பே வெப்பமாக மாறியிருக்கிறது.

வாளித் தண்ணீர் பொய் சொல்லாது

வால்வு சரியாக இருக்கிறது, ஆனாலும் காற்று நிற்கவில்லை என்றால் அது பஞ்சர்தான். இதையும் நாமே ஒட்டலாம். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. வண்டியைப் படுக்கப் போட்டு, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவர் கொடுத்து ரிம்மிலிருந்து எடுத்தால் டியூபை வெளியே இழுத்துவிடலாம். லீவருக்குப் பதிலாக ஸ்குரூ டிரைவரை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் கூர்முனை டியூபில் இன்னொரு பஞ்சரைப் போட்டுவிடும்!

டியூபில் காற்றடித்து, பகுதி பகுதியாகத் தண்ணீரில் அமுக்கினால் துளையுள்ள இடத்தில் குமிழி வரிசையாக வரும். துளையைக் கண்டதும் உடனே ஒட்டத் தொடங்கிவிடாதீர்கள். அந்த இடம் வால்விலிருந்து எத்தனை சாண் தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, டயரின் உட்புறத்தில் அதே தூரத்தில் தேடுங்கள். முள் அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த தெருவிலேயே மீண்டும் பஞ்சர்தான். சீமைக் கருவேல முள் உள்ளே ஒடிந்து நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் விரலில் ஏறிவிடும். பழைய துணியால் தடவுங்கள், நூல் சிக்கிக்கொள்ளும்.

சில சமயம் பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்ததைப்போல இரண்டு துளைகள் இருக்கும். அது முள் அல்ல. காற்று குறைவாக இருக்கும்போது கல்லிலோ பள்ளத்திலோ ஏறியதால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கியிருக்கிறது. அங்கே முள்ளைத் தேடிப் பயனில்லை. காற்றைச் சரியாக அடித்துக்கொண்டு ஓட்டினால் போதும்.

ஒட்டுவதில் எல்லாரும் செய்யும் தவறு அவசரம். முதலில் துளையைச் சுற்றி உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். டியூபின் மேற்பரப்பில் தூசியும் வழுவழுப்பும் இருக்கும். அவை போய், ரப்பர் சொரசொரப்பானால்தான் சொல்யூஷன் பிடித்துக்கொள்ளும். பிறகு சொல்யூஷனை மெல்லிய பூச்சாகத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எதற்காக? சொல்யூஷன் என்பது ஆவியாகக்கூடிய ஒரு திரவத்தில் கரைத்த ரப்பர். அந்தத் திரவம் பறந்து போனபின் எஞ்சும் ரப்பர்ப் படலம்தான் ஒட்டுகிறது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து மூடினால், வெளியேற வழியில்லாத ஆவி நடுவில் குமிழாகத் தங்கி, ஒட்டைத் தூக்கிவிடும். பூச்சு பளபளப்பு இழந்து, லேசாகப் பிசுபிசுத்தால் அதுதான் பதம். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு பஞ்சர் ஒட்டக் கூடாது.

ஒட்டி முடித்ததும் மீண்டும் ஒருமுறை தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் வேலை சரி, வந்தால் சரியில்லை. நீங்கள் செய்த வேலைக்கு அந்த வாளியே பரீட்சை வைத்து மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வால்வின் அடியிலேயே டியூப் கிழிந்திருந்தால் மட்டும் ஒட்டுப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த இடம் சமதளமாக இல்லாததால் ஒட்டு நிற்காது. புது டியூப்தான் வழி.

காற்றடைத்த டயரை ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன் 1845-லேயே கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1887-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் அதிராமல் ஓடுவதற்காக மீண்டும் அதே யோசனைக்கு வந்தார். உலகில் பஞ்சர் கடைகள் உருவானதற்கு அந்தச் சிறுவனும் ஒரு காரணம் எனலாம்.

வீட்டிலேயே பஞ்சர் ஒட்டுவதால் காசு மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். வயலுக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். கடை இல்லாத கிராமத்துப் பாதையில் டயர் இறங்கிவிட்டால், அடுத்தவர் உதவியின்றிப் போய்வரும் அந்த வசதி அங்கேயே நின்றுவிடும். பையில் ஒரு ஒட்டும் சின்னப் பம்பும் இருந்தால் நிற்காது. இன்று பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவிக்கும் இது பொருந்தும்.

என் முழங்கால் தழும்பு

இப்போது அந்தக் கதை. எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிள் இருந்தது. கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும் பிரேக். முன் பிரேக்கின் ரப்பர்க் கட்டைகள் தேய்ந்துவிட்டன. பின் பிரேக் எப்போதுமே சரியாகப் பிடிக்காது. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்ட மிதப்பில், "இதுவும் நானே" என்று புதுக் கட்டைகளை வாங்கி வந்தேன். அந்தக் கட்டை ஒரு தகரக் கூட்டுக்குள் பக்கவாட்டில் தள்ளி உட்கார வைக்கப்படும். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும். மறு முனை திறந்திருக்கும். சுத்தியால் தட்டி ஏற்றினேன். கூட்டை மாட்டி நட்டுகளை முடுக்கினேன்.

சோதனையும் செய்தேன்! முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் டக்கென்று நின்றது. எவ்வளவு பெருமை எனக்கு!

அன்று மாலை ஆற்றுப் பாலத்தின் இறக்கத்தில், எதிரே மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். 'சளக்' என்று ஏதோ தெறித்து ஓடியது. பிரேக் வெறுமனே ஆடியது. மாட்டைத் தவிர்த்துத் திருப்பியதில் சாலையோரக் கருவேலம் புதருக்குள் போய் விழுந்தேன். முழங்கால் கிழிந்து தையல் போட்டார்கள். எதிரே மாட்டுக்குப் பதில் பஸ் வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் நொண்டிக்கொண்டே வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் பார்த்ததும் சிரிக்கவில்லை; திட்டவும் இல்லை. "தம்பி, வண்டி ஓடும்போது இந்த இடத்துல ரிம்மு எந்தப் பக்கம் போகுது?" என்று மட்டும் கேட்டார்.

"முன்பக்கம் அண்ணே."

"பிரேக்குப் பிடிச்சா கட்டையை எந்தப் பக்கம் இழுக்கும்?"

"அதே... முன்பக்கந்தான்."

"கூட்டோட வாயை நீ எந்தப் பக்கம் வச்சிருக்கே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, உள்பெட்டியை ஒரு விரலால் தள்ளினார். அது மறுபக்கம் வழுக்கி வெளியே விழுந்தது. நான் கூட்டைத் திருப்பி மாட்டியிருந்தேன். திறந்த வாய் முன்பக்கம்! ரிம் ஓடும் திசையில் கூட்டின் மூடிய முனை இருக்க வேண்டும். அப்போது ரிம் எவ்வளவு இழுத்தாலும் கட்டை அந்தச் சுவரில் போய் முட்டி நிற்கும். திருப்பி வைத்தால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் கட்டையைக் கூட்டிலிருந்து நாமே வெளியே தள்ளுகிறோம்.

சரி, நான் செய்த சோதனையில் ஏன் அது தெரியவில்லை? இதற்குப் பதில் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. நகரும் பொருளின் இயக்க ஆற்றல், நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி அதில் பாதி. என்னையும் வண்டியையும் சேர்த்து 60 கிலோகிராம் என்றும், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 750 ஜூல் வரும். ஒரு லிட்டர் தண்ணீரை 75 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் இது. தூக்கிப் பிடித்துச் சுற்றிய சக்கரத்தில் ரிம், டயர், டியூப் எல்லாம் சேர்ந்து சுமார் 2 கிலோகிராம்தான். அதே வேகத்தில் சுற்றினாலும் அதன் ஆற்றல் ஏறத்தாழ 25 ஜூல். முப்பதில் ஒரு பங்கு! சுத்தியால் தட்டி ஏற்றிய கட்டை அந்த 25 ஜூலைத் தாங்கியது. 750 ஜூலைத் தாங்கவில்லை.

பஞ்சருக்கும் பிரேக்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பஞ்சர் ஒட்டியதில் தவறு இருந்தால் வாளித் தண்ணீர் வீட்டிலேயே சொல்லிவிடும். பிரேக்கில் செய்த தவறைப் பாலத்து இறக்கம்தான் சொன்னது. ஆகவே வீட்டிலா கடையிலா என்று முடிவு செய்யும்போது, வேலை எளிதா கடினமா என்று நான் இப்போது பார்ப்பதில்லை. இந்த வேலை தாங்கவேண்டிய சுமையை, நான் வண்டியில் ஏறுவதற்கு முன்பே அதன்மேல் ஏற்றிப் பார்க்க எனக்கு வழி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

பிரேக்குக்கு அப்படி ஒரு வழி உண்டு. வண்டியின் பக்கத்தில் நின்று, பிரேக்கைப் பலமாகப் பிடித்துக்கொண்டு, உடல் எடை முழுவதையும் கொடுத்து வண்டியை முன்னால் தள்ளுங்கள். பல தடவை தள்ளுங்கள். பிறகு குனிந்து கட்டை நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் சமதரையான மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். வயரால் இழுக்கும் பிரேக் உள்ள வண்டிகளில் வயரைக் கவ்வும் நட்டு வழுக்குகிறதா, கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் உராய்வு மிகவும் குறைந்துவிடும். காய்ந்த சாலையில் நல்ல பிள்ளையாக இருந்த பிரேக் மழையில் உங்களைக் கைவிடலாம். இவ்வளவும் செய்ய உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் பிரேக் வேலையைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கம் திரும்பும் மரை

செயினுக்கு எண்ணெய் போடுவது நம் வேலை. ஆனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்! மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவ மட்டும்தான். அது மசகு ஆகாது. மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேவைப்படுவது கண்ணிகளுக்கு உள்ளே. வெளியே தங்கும் எண்ணெயில் புழுதி ஒட்டி, உப்புத்தாளைப்போல் செயினை அரைக்கும்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்பதை உங்கள் 30 செ.மீ. ஸ்கேலே சொல்லும். அதன் அங்குலப் பக்கத்தைத் திருப்புங்கள். செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவை 0-வில் வைத்தால், அதிலிருந்து 24-ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அது அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோம். உண்மையில் இரும்பு நீளவில்லை. ஒவ்வொரு பின்னும் அதன் துளையும் மயிரிழை தேய்ந்திருக்கின்றன. அத்தனை மயிரிழைகளும் சேர்ந்துதான் அந்த நீளம்.

பெடலைக் கழற்றி மாட்டலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. வலது பெடலின் மரை வழக்கமானது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் வெட்டப்பட்டது. இது தெரியாமல் எல்லா நட்டையும் போலத் திருப்பிக் கழற்றப் பார்த்தால் அது மேலும் மேலும் இறுகும். பலம் உள்ளவர்கள் மரையையே நாசம் செய்துவிடுவார்கள். இரண்டு பெடலுக்கும் பொதுவான ஒரு வழி: ஸ்பேனரின் கைப்பிடியை மேலே பார்த்தபடி பொருத்துங்கள். வண்டியின் முன்பக்கம் தள்ளினால் இறுகும். பின்பக்கம் இழுத்தால் கழலும்.

ஏன் இப்படி எதிர் மரை? ஒரு சோதனை செய்து பாருங்கள். பென்சிலைக் கைமுட்டிக்குள் தளர்வாகப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் முனையை மற்றக் கையால் வலஞ்சுழியாக வட்டமடிக்கச் செய்யுங்கள். பென்சில் தன்னைத்தானே இடஞ்சுழியாகச் சுற்றிக்கொள்வதைக் காண்பீர்கள். அதன்மேல் எழுதியிருக்கும் எழுத்தைக் கவனித்தால் நன்றாகத் தெரியும். நாம் மிதிக்கும்போது பெடல் தண்டும் கிராங்கின் துளைக்குள் இப்படித்தான் சுற்றிச் சுற்றி அழுத்தப்படுகிறது. மரையில் மிகச் சிறிய இடைவெளி இருந்தாலும் அது மெல்ல மெல்லத் திரும்பும். இடப்பக்கத்தில் வழக்கமான மரை இருந்தால், ஓட்ட ஓட்டப் பெடல் தானே கழன்று விழுந்துவிடும்.

கடைக்காரரின் கையும் காதும்

இனி நான் கடைக்கே கொண்டுபோகும் வேலைகள். அவற்றில் முதலாவது சக்கரத்தின் கம்பிகள். பழைய கறுப்பு சைக்கிள்களில் பெரும்பாலும் முன் சக்கரத்தில் 32 கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். உங்கள் வண்டியில் எண்ணிப் பாருங்கள். சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பியை நிறுத்தி வைத்து மேலே அழுத்தினால் வளைந்துவிடும். அப்படியிருக்க, உங்களையும் கேரியரில் உட்கார்ந்திருக்கும் தம்பியையும் அது எப்படித் தாங்குகிறது?

நான்கு பக்கமும் கயிறு கட்டி நிறுத்திய பந்தல் கம்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கயிறும் விறைப்பாக இருக்கின்றன. கம்பத்தை ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கக் கயிறு கொஞ்சம் தளர்கிறது. கயிற்றால் கம்பத்தைத் தள்ள முடியாது. ஆனால் இழுத்துக்கொண்டிருந்த ஒன்று இழுப்பைக் குறைப்பதும், தள்ளுவதும் கம்பத்துக்கு ஒன்றுதான். சக்கரத்திலும் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே விறைப்பாக இழுக்கப்பட்டிருக்கின்றன. தரையை நோக்கியிருக்கும் சில கம்பிகளின் விறைப்பு எடையால் சற்றுக் குறைகிறது. சுமை தாங்கப்படுவது இவ்வாறுதான். ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-இல் வெளிவந்த தம் நூலில் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்.

எனவே ஒரு கம்பி தொளதொளவென்று இருந்தால் பக்கத்துக் கம்பிகள் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். நாளடைவில் அவை களைத்து முறியும். சக்கரம் 'பெண்டு' ஆகும். நாமே நிப்பிளைத் திருகிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். ஒரு கம்பியை முடுக்கினால் ரிம் அந்தப் பக்கம் நகரும். கூடவே பக்கத்துக் கம்பிகளின் விறைப்பும் மாறும். ஒன்றைத் திருத்தப் போய் நான்கைக் கெடுத்து, கடைசியில் சக்கரம் எட்டு என்ற எண்ணைப்போல் ஆகிவிடும். நானும் செய்திருக்கிறேன். கடைக்காரர் கம்பிகளை விரலால் சுண்டி, எழும் ஒலியைக் கேட்கிறார். விறைப்பு கூடினால் ஒலியின் அதிர்வெண்ணும் கூடும். வீணைத் தந்தியைச் சுருதி சேர்ப்பதும் இதே விதிப்படிதான். அந்தக் காது ஆயிரம் சக்கரங்களைக் கேட்ட பிறகு வருவது. நம்மால் செய்ய முடிந்தது ஒன்று: மாதம் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சாக்பீஸ் துண்டை ரிம்மின் பக்கத்தில் அசையாமல் பிடியுங்கள். ரிம் முழுவதும் கோடு விழாமல் ஓரிடத்தில் மட்டும் விழுந்தால் அங்கே பெண்டு தொடங்கியிருக்கிறது. சிறிதாக இருக்கும்போதே கொண்டுபோனால் அண்ணனுக்கும் வேலை குறைவு.

அடுத்தது பால்ரஸ், அதாவது ஹப்பினுள் உருளும் எஃகுக் குண்டுகள். முன் ஹப்பில் பொதுவாகப் பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9. அவற்றை அழுத்திப் பிடிக்கும் 'கோன்' கொஞ்சம் இறுகினாலும் குண்டும் கிண்ணமும் அரைபடும். கொஞ்சம் தளர்ந்தாலும் சக்கரம் ஆடும். சரியான இடம் எங்கே என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். ஒரு பழைய சக்கரத்தில் பழகிய பிறகு இதை வீட்டில் செய்யலாம். வண்டி முழுவதையும் பிரித்துக் கழுவி மசகு போட்டு மாட்டுவதை நம் கடைகளில் 'ஓவராயில்' என்பார்கள். 'ஓவர்ஹால்' என்ற ஆங்கிலச் சொல் நம் ஊருக்கு வந்து எண்ணெய் குடித்துவிட்டது! நான் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், அதைக் கடையில் செய்வித்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். காலை நேரத்தில் போகாதீர்கள். பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களின் கூட்டம் இருக்கும். பிற்பகலில் போனால் கேள்வி கேட்டாலும் பதில் கிடைக்கும்.

ஃப்ரீவீலை மட்டும் திறந்தே பார்க்காதீர்கள். உள்ளே கடுகு போன்ற பொடிக் குண்டுகள் ஏராளமாக இருக்கும். திறந்த கணத்தில் அவை திண்ணை முழுவதும் ஓடும்.

சத்தத்தை எண்ணுங்கள்

கடைக்குப் போகும் முன் நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. வண்டியில் 'கடக், கடக்' என்று சத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஏதோ சத்தம் வருது அண்ணே" என்றால் அவர் வண்டியையே பிரித்துத் தேட வேண்டும். கொஞ்சம் எண்ணிவிட்டுப் போங்கள்.

பெரிய பல்சக்கரத்தில் எத்தனைப் பற்கள், பின்னால் உள்ள ஃப்ரீவீலில் எத்தனைப் பற்கள் என்று பாருங்கள். 44-உம் 18-உம் இருந்தால், பெடல் 9 சுற்று சுற்றும்போது பின் சக்கரம் 22 சுற்று சுற்றும். செயினில் 110 கண்ணிகள் இருந்தால், அது ஒரு முழுச் சுற்று வருவதற்குள் பெடல் இரண்டரைச் சுற்று சுற்றிவிடும். இனி ஓட்டிக்கொண்டே எண்ணுங்கள். பெடலின் ஒரு சுற்றுக்கு ஒரு கடக் என்றால் கோளாறு பெடலிலோ கிராங்கிலோ இருக்கிறது. பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு மூன்று கடக் என்றால் சக்கரத்தில். இரண்டரைச் சுற்றுக்கு ஒரு கடக் என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி விறைத்திருக்கிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் வண்டி ஓடும்போது சத்தம் தொடர்ந்தால், பெடலையும் செயினையும் விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள்.

புதர்க் கதை நடந்து ஓர் ஆண்டு கழித்து அதே வண்டியில் ஒரு சத்தம் வந்தது. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் எண்ணினேன். மாலையில் கடைக்குப் போய், "அண்ணே, பெடல் ஒரு சுத்துக்கு ஒரு சத்தம். இடது கால் கீழே அழுத்தும்போது மட்டும் வருது. மிதிக்காமப் போனா வரலை" என்றேன். அவர் வண்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. கிராங்கின் அடியில் கனமான இரும்புத் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்தார். "இது எதுக்குன்னு சொல்லு பாப்போம்?" என்றார். தெரியவில்லை என்றேன். "முட்டு இல்லாம அடிச்சா அந்த அடி உள்ளே இருக்கிற பால்ரஸ்ல போய் விழும், குண்டு கிண்ணத்தைப் பள்ளமாக்கிடும்" என்றார். பிறகு இடது கிராங்கின் காட்டர் பின்னைச் சுத்தியால் இரண்டு அடி அடித்து, நட்டை முடுக்கிவிட்டு, வண்டியை என்னிடம் தள்ளினார்.